மூச்சை இழுத்துப் பிடிக்காத கோழிகள்

மரியாதைக்குரிய மைத்துனருக்கு,

உன் அத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீயும், உன் மனைவியும், பிள்ளைகள் இருவரும், முக்கியமாக உடம்பைத் தேற்றிக்கொள்ள உங்களிடம் வந்திருக்கும் உன் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இங்கே நான் சௌக்கியம். வீடு சௌக்கியம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் சௌக்கியம். கோழிகள் சௌக்கியம் என்று இந்த வரிசையில் நான் எழுதவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். பஸ் டிப்போவில் இருபது வருடமாக டைம்கீப்பர் நாற்காலியில் இருப்பவன் நீ. எந்த வண்டி வரவில்லை என்பது உன் கண்ணில்தானே முதலில் படும்.

ஆகவே எடுத்த எடுப்பில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை டிப்போவிலேயே வைத்துப் படி. அதற்காகத்தான் வீட்டு விலாசம் எழுதாமல் டிப்போ விலாசம் எழுதியிருக்கிறேன். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன் அக்கா கண்ணில் இது படவே கூடாது. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அக்கா பக்கத்தில் வந்து நின்று, "யாரு, அவரா? கோழிங்க எப்படி இருக்குன்னு கேளு" என்பாள். நீயும் கேட்பாய். நானும் பொய் சொல்வேன். பொய் சொன்னால் என் குரல் மெலிந்துபோய்விடும், அது அவளுக்கு அத்துப்படி.

விஷயத்துக்கு வருகிறேன். ஆனால் நேராக வர முடியாது, கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையின் இருட்டில் இருந்தவனுக்கு வெயில் இன்னும் பழகவில்லை. காலையில் டீ டம்ளரோடு வீட்டுப் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், வெயில் மெதுவாக வந்து முதலில் செருப்பில் ஏறும், பிறகு முழங்காலில் ஏறும், பிறகு மடியில் ஏறும். அது மார்புக்கு வருவதற்குள் டீ ஆறி, டம்ளருக்குள் எறும்பு விழுந்து, மணி பதினொன்று ஆகியிருக்கும். நடுவில் என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கோழிகள் என்னைச் சுற்றி மேயும். ஒன்று தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கும், நானும் பார்ப்பேன், அதிலேயே அரைமணி போய்விடும். "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்தாங்களா, மயக்க ஊசி போட்டாங்களா?" என்று உன் அக்கா கேட்பாள். இந்த மிதப்பில்தான் அவள் இரண்டு மாதம் இருமியது எனக்குக் கேட்காமல் போனது. காதில் விழுந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் என் காதுக்கு இருமல் என்பது ஃபேன் ஓடுகிற சத்தம் மாதிரி. நின்றால்தான் தெரியும்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும் என்றாலும், தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அவள் கடைத்தெரு லேபுக்குத் தனியாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்து, கவரோடு மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலதுபக்கம், அடியில், நல்ல சளி. "ரொம்ப நாள் விட்டிருக்காங்க"ன்னு வாய்விட்டே சொன்னேன். "ஆனா மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சிருக்காங்க, படம் சுத்தமா வந்திருக்கு. யார் பேஷண்ட்?"னு கேட்டேன். அடுப்படியிலேர்ந்து "நான்தான்"னு சத்தம் வந்தது. மச்சான், அந்த நிமிஷத்துக்கு அப்புறம் எங்க வீட்டுல யாரும் குரல் உசத்திப் பேசலை. மாத்திரை சாப்பிட்டா, ஊசி போட்டுகிட்டா, கொஞ்சம் தேறினா. உங்க ஊர்க் காத்து நல்லது, ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும்னு டாக்டர் சொன்னார். பஸ் ஏறும்போது ஜன்னல் வழியா ரெண்டே விஷயம் சொன்னா. ஒன்னு, "வெளிக்கோழி எதையும் உள்ள சேர்க்காதீங்க, சேர்த்தா தொலைஞ்சோம்." இன்னொன்னு, "கோழிகளையாவது பாத்துக்குங்க." பஸ் திருப்பத்துல மறையற வரைக்கும் கை காட்டிட்டு வீட்டுக்கு வந்தேன். பாதி வழியிலதான் அவ என்ன சொல்லிட்டுப் போனான்னு எனக்கு உறைச்சது. அப்பவே முடிவு பண்ணினேன், பதினொரு கோழியையும் ஒரு இறகு குறையாம அவ கையில திருப்பிக் கொடுக்கறதுன்னு.

நாலாம் நாள் காலையில, ரெண்டு வீடு தள்ளி இருக்கிற போட்டோ ஸ்டூடியோக்காரர் வந்தார். வீடு மாத்திகிட்டுப் போறார். சாமான் எல்லாம் லாரியில ஏத்தியாச்சு, கக்கத்துல ஒரு வெள்ளைக் கோழி. "அபார்ட்மென்ட்ல வளர்க்க விடமாட்டாங்களாம். உங்ககிட்ட விட்டா நிம்மதியா இருக்கும். நம்ம ரெண்டு பேரும் இருட்டறையில படம் கழுவினவங்க இல்லையா?"ன்னார். இப்படி ஒரு மனுஷன் கேட்டா எப்படி மாட்டேங்கறது? வெளிக்கோழின்னு உன் அக்கா சொன்னது தெருவில திரியற கோழியைத்தான், இது தெரிஞ்சவர் வீட்டுக் கோழியாச்சேன்னு எனக்கு நானே வக்கீல் வச்சுகிட்டேன். வாங்கி உள்ள விட்டேன். விருந்தாளின்னு பேரும் வச்சேன். உன் அக்கா வச்ச பேரெல்லாம் உனக்குத் தெரியுமே. முன்னாடி நடந்து எல்லாரையும் அதட்டறது தலைமையாசிரியை. யார் வாயில என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்கறது டிக்கெட் பரிசோதகர். எதைப் போட்டாலும் மூஞ்சியைத் திருப்பிக்கறது மாமியார். கழுத்துல புள்ளி போட்ட பழுப்பு நிறம், கத்தவே கத்தாம வந்து உன் அக்கா மடியில ஏறி உட்கார்றது மௌனி. இவங்க எல்லாரும் விருந்தாளியை ஒரு கொத்து கொத்திட்டு, வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. நானும் என் நாற்காலிக்குப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு வாரம் இருக்கும். வெயில் முழங்கால் வரைக்கும் வந்திருந்தது. யாரோ தும்மினாங்க. "நூறு ஆயுசு"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்த்தா ஆளே இல்ல. மறுபடியும் தும்மல், சின்னதா, குழந்தை தும்மற மாதிரி. பார்த்தா விருந்தாளி! கண் ஓரத்துல சோப்பு நுரை மாதிரி குமிழ், மூக்குல தண்ணி. பக்கத்துல போய் உக்காந்து காதைக் கொடுத்தேன். நெஞ்சுக்குள்ள கரகரன்னு சத்தம். எனக்குத் தூக்கம் போச்சு, கண்ணு தெளிஞ்சது. எட்டு மாசத்துல முதல் தடவையா எனக்கு ஒரு வேலை வந்திருக்கு, அதுவும் நெஞ்சு சம்பந்தப்பட்ட வேலை! வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்தது.

உடனே வார்டு திறந்துட்டேன். பின்பக்கத்துல பழைய சாமான் போட்டு வைக்கிற ரூமைக் காலி பண்ணி அதுல நோயாளிகள், கூண்டுல நல்லா இருக்கறவங்க. குளிர் அடிக்கக் கூடாதுன்னு கூண்டுக்கும் ரூமுக்கும் சாக்கு கட்டி எல்லா ஓட்டையையும் அடைச்சேன். ஆஸ்பத்திரியில கழிச்சுப் போட்டப்ப ஞாபகமா இருக்கட்டும்னு கேட்டு வாங்கி வந்த, எக்ஸ்ரே கதிர் படாம மாட்டிக்கற ஈய ஏப்ரன் ஒன்னு பரண்ல இருந்தது, அதை மாட்டிகிட்டேன். எட்டு கிலோ. குனிஞ்சா நிமிர முடியாது, நிமிர்ந்தா குனிய முடியாது, கோழிங்களுக்கு அது பிடிச்சுப் போய் என் தோள்ல ஏறி உக்காந்துகிட்டு இறங்க மாட்டேன்னுடுச்சுங்க. நோட்டுல ஒவ்வொன்னுக்கும் ஒரு டோக்கன் நம்பர். காலையில ரவுண்ட்ஸ். ஒவ்வொன்னையா தூக்கி நெஞ்சுகிட்ட காதை வச்சு, "மூச்சை இழு… பிடி… இப்ப விடு"ம்பேன். ஒன்னாவது பிடிக்கணுமே! முப்பத்தோரு வருஷத்துல என் பேச்சைக் கேக்காத நெஞ்சு இவங்களோடதுதான். மாமியாருக்கு ஆவி பிடிக்க வச்சேன். வாளியில வெந்நீர், தலைக்கு மேல துண்டு. அது துண்டோட கிளம்பிக் காம்பவுண்டு சுவர் மேல போய் நின்னுகிட்டு, தெருவில போறவங்களை எல்லாம் பார்த்துச்சு.

இவ்வளவு கவனிச்சும் தினம் ஒரு கேஸ் கூடிகிட்டே வந்தது. முதல்ல விருந்தாளி, அப்புறம் மாமியார், அடுத்த நாள் டிக்கெட் பரிசோதகர், அப்புறம் முகம் ஒருபக்கம் வீங்கிப் போய்த் தலைமையாசிரியை. அதைப் பார்க்கவே பாவமா இருந்தது, அதட்டறதுக்கு வாயைத் திறக்குது, குரல் வரலை. ஆறே நாள்ல ஏழு பேர் வார்டுல. நான் இன்னும் கடுமையா வேலை செஞ்சேன். விடியும்போதே எழுந்து, ரொம்ப முடியாதது யாரோ அவங்ககிட்ட முதல்ல போவேன், கண்ணைத் துடைப்பேன், மூக்கைத் துடைப்பேன், தண்ணி காட்டுவேன். அப்படியே வரிசையா பார்த்துட்டு, கடைசியா கூண்டுக்குப் போய் நல்லா இருக்கறவங்களுக்குத் தீனி வச்சுட்டு, அவங்களையும் ஒரு தடவ தொட்டுத் தடவிப் பார்த்துட்டு வருவேன்.

ஒருநாள் மதியம் களைச்சுப் போய் ஏப்ரனோட நாற்காலியில உக்காந்தவன் அப்படியே கண் அசந்துட்டேன். கனவுல பழைய ஆஸ்பத்திரி வராண்டா. பச்சைப் பெயிண்ட் சுவர், நீள பெஞ்ச், பெஞ்சு பூரா கோழிங்க, அலகுல ஆளுக்கு ஒரு சீட்டு. சத்தமே இல்ல. காத்துல இறகு ஒன்னு ரெண்டு மிதந்துகிட்டிருக்கு, கீழே விழவே மாட்டேங்குது. நான் கதவைத் திறந்து "அடுத்து"ங்கறேன். புள்ளிக் கழுத்து ஒன்னு எழுந்து தானா நடந்து வந்து பலகை முன்னாடி நிக்குது. "கழுத்துல ஏதாவது போட்டிருந்தா கழட்டிடும்மா"ங்கறேன். இல்லைன்னு தலையை ஆட்டுது. "மூச்சை இழு. பிடி." பிடிச்சது மச்சான்! அழகா, அசையாம, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பிடிச்சது. பட்டனை அழுத்தறேன், படம் வருது, படத்துல நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில ஒரு முட்டை வெள்ளையா ஒளி விடுது. அதைப் பார்த்துகிட்டே நிக்கறேன், நிக்கறேன், எவ்வளவு நேரம்னு தெரியலை. திடீர்னு ஞாபகம் வருது, இன்னும் "விடு"ன்னு சொல்லலைன்னு. சொல்லப் போறேன், நாக்கு எழும்பலை. அது மூச்சைப் பிடிச்சபடியே என்னையே பார்க்குது.

முழிச்சுகிட்டேன். எதிர்ல மௌனி நிக்குது. நிஜமாவே நிக்குது. வாயைத் திறந்து திறந்து மூடுது, கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்குது. ஒரு சத்தம் இல்ல. அது தும்மினதை நான் கேக்கவே இல்லை. கரகரப்பும் கேட்டதா நினைவில்லை. யார் சத்தம் போட்டாங்களோ அவங்க பின்னாலயே ஓடிகிட்டிருந்துட்டேன்.

அதைத் தூக்கிகிட்டு ஏப்ரனைக்கூடக் கழட்டாம கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கண்ணாடி, கண்டிப்பான ஆளு. மௌனியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, ஏப்ரனைப் பார்த்தாங்க. "சார், கோழி கதிர்வீச்செல்லாம் விடாது, அதைக் கழட்டுங்க"ன்னாங்க. அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் பரிசோதிச்சாங்க. "பிரிச்செல்லாம் ஒழுங்காத்தான் வச்சிருக்கீங்க. அப்புறம் எப்படி தினம் ஒன்னு விழுது? காலையில எழுந்ததுலேர்ந்து என்ன பண்றீங்கன்னு ஒன்னுவிடாம சொல்லுங்க."

"சீரியஸ் கேஸை முதல்ல பார்ப்பேன் டாக்டர்"னு பெருமையாச் சொன்னேன்.

"அதுக்கப்புறம்?"

"வரிசையா பார்த்துட்டு, கடைசியா கூண்டுக்குப் போவேன்."

"அதே செருப்போடயா?"

"ஆமா."

"கை கழுவுவீங்களா?"

"துடைச்சுப்பேன்."

"எதுல?"

நான் ஏப்ரனைக் காட்டினேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி முகத்தைத் துடைச்சுகிட்டாங்க. "சார், விருந்தாளி கொண்டுவந்த நோய் அந்த ரூமோட நின்னிருக்கும். நீங்கதான் தினம் காலையில அதை வாசல் வாசலா கொண்டுபோய்க் கொடுத்திருக்கீங்க. நல்லா இருக்கறதுகளைத்தான் முதல்ல பார்க்கணும். தீனி, தண்ணி, கூட்டறது எல்லாத்தையும் அங்கே முடிச்சுட்டு, கடைசியாத்தான் நோய்ப்பட்டதுகிட்ட போகணும். போனா திரும்ப இந்தப் பக்கம் வரவே கூடாது. செருப்பு வேற, துணி வேற, குளிச்சுட்டு மறுநாள்தான் வரணும்."

"ஆஸ்பத்திரியில அப்படி இல்லையேம்மா, உயிருக்குப் போராடறவங்களைத்தானே முதல்ல…"

"இது ஆஸ்பத்திரி இல்ல சார், கோழிக்கூண்டு."

எனக்கு முகத்தை எங்கே வச்சுக்கறதுன்னு தெரியலை. அதோட விட்டாங்களா? கூண்டு வாசல்ல என்னைக் குனியச் சொன்னாங்க. "மோந்து பாருங்க. கண்ணு எரியுதா? அந்த எச்சத்து நெடியிலதான் அதுங்க மூக்கு நாள் முழுக்க இருக்கு. சாக்கெல்லாம் பிரிச்சு எறியுங்க. மேல் பக்கம் காத்து நல்லா ஓடணும், உக்கார்ற இடத்துல மட்டும் நேரா அடிக்கக் கூடாது. கீழே போட்ட ஈர உமியை அள்ளிட்டுக் காய்ஞ்சது போடுங்க." தண்ணியில கலக்க மருந்து எழுதிக் கொடுத்தாங்க, அந்தத் தண்ணியைத் தவிர வேற தண்ணி வைக்கக் கூடாது, சொன்ன நாள் முடியாம நடுவில நிறுத்தவும் கூடாதுன்னாங்க. மருந்து முடிஞ்சு அவங்க சொல்ற வரைக்கும் முட்டையைத் தொடக் கூடாதாம். வாசல்ல ஒரு தட்டுல கிருமிநாசினி வச்சு அதுல காலை நனைச்சுட்டுத்தான் உள்ள போகணுமாம். இது மனுஷங்களுக்கு ஒட்டாது, ஆனா திடீர்னு கொத்தா செத்து விழுந்தா கையால தொடாம உடனே போன் பண்ணுங்கன்னும் சொன்னாங்க. ஆவி பிடிச்ச விஷயத்தை நான் சொல்லலை. நோட்டுல படிச்சுட்டாங்க.

அன்னைலேர்ந்து எல்லாம் மாறிப் போச்சு. காலையில நல்லா இருக்கறவங்க கூண்டுக்குப் போறேன். அந்த ரூமுக்குள்ளேர்ந்து தலைமையாசிரியை இருமறது கேக்குது, கால் தானா அந்தப் பக்கம் திரும்புது, பிடிச்சு இழுத்து நிறுத்தறேன். நல்லா இருக்கறவங்களைப் பார்த்துகிட்டு நிக்கறது எவ்வளவு கஷ்டமான வேலைன்னு எனக்கு இத்தனை வருஷமா தெரியாது. அதுங்க ஒன்னும் கேக்கறதில்ல. சும்மா நிக்குதுங்க, மண்ணைக் கிளறுதுங்க. உத்துப் பார்த்துகிட்டே இருந்தாத்தான் இது இன்னைக்குக் கொஞ்சம் கம்மியாத் தின்னுது, அது ஒதுங்கி நிக்குதுன்னு தெரியுது. அதுக்கப்புறம் ஒரு கோழிகூடப் புதுசா விழலை.

ஆனா மௌனி மூணாம் நாள் போயிடுச்சு. சாயங்காலம், வெளிச்சம் மஞ்சளா இருந்த நேரம். என் மடியில வச்சிருந்தேன். உன் அக்கா புடவைன்னு நினைச்சுதோ என்னவோ, என் வேட்டி மடிப்புக்குள்ள தலையை வச்சுகிச்சு. கடைசியில றெக்கையை ஒரு தடவை விரிச்சது, அந்த வெளிச்சத்துல உள்ளே இருக்கிற எலும்பெல்லாம் அப்படியே தெரிஞ்சது, ஒவ்வொரு விரலா. இவ்வளவு அழகான படம் நான் சர்வீஸ்ல எடுத்ததில்லை. குழியை ஆழமா வெட்டிப் புதைச்சேன். அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் அழுதேன் மச்சான், இதை நீ யார்கிட்டயும் சொல்லாதே.

மத்தவங்க தேறிட்டாங்க. வீக்கம் வடிஞ்சுடுச்சு, தலைமையாசிரியைக்குக் குரல் வந்துடுச்சு, நேத்து என்னையே அதட்டுச்சு. இப்ப எண்ணிப் பார்த்தா, பழையவங்க பத்து, விருந்தாளி ஒன்னு, ஆக பதினொன்னு. எண்ணிக்கை சரியா இருக்கு பார்! ஆனா உன் அக்கா எண்ணற ஆள் இல்ல, மடியைத் தட்டிக் கூப்பிடற ஆள். அதனால எனக்கு ஒரு யோசனை. உங்க பக்கத்துச் சந்தையில பழுப்பு நிறம், கழுத்துல புள்ளி, சாதுவா ஒரு கோழி தேடிப் பிடி. கத்தினா வேண்டாம். அதைக் கூடையில வச்சு மதிய வண்டி கண்டக்டர்கிட்ட கொடுத்தனுப்பு. அதே கூடையில விருந்தாளியை உனக்கு அனுப்பிடறேன். மடியில ஏற நான் பழக்கறேன், அதுக்குப் பத்து நாள் வேணும். வர்ற வெள்ளிக்கிழமை அவ கிளம்பாம நீதான் பார்த்துக்கணும். ரோடு வேலை நடக்குது, வண்டியெல்லாம் நிறுத்தியாச்சுன்னு சொல்லு. டைம்கீப்பரே சொன்னா நம்பாம என்ன செய்வா? வாழ்க்கையில உன்கிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்லை. என்னைக் காப்பாத்து.

பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என் ஆசிகள், நல்லாப் படிக்கணும், நனைஞ்ச தலையோட வெளியே போகக் கூடாது. உன் மனைவிக்கு என் அன்பான விசாரிப்புகள். உன் இடுப்பு வலிக்கு நிமிர்ந்து உட்காரவும். எல்லாரும் நிறைந்த மூச்சோடு நீடூழி வாழ்க என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்,
எக்ஸ்ரே பிரிவு (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்கு முன்னாடி டாக்டரம்மா வந்துட்டுப் போனாங்க. அதனால மேலே எழுதினதுல எதையும் செய்யாதே. கோழி வாங்காதே. தேறினதுங்ககூட நோயை உள்ளுக்குள்ள வச்சிருக்குமாம், வெளியே பார்த்தா தெரியாதாம். புதுசா ஒன்னு வந்தா அது படுத்துடும், இங்கேர்ந்து ஒன்னு போனா போற இடத்துல பரப்பும். "இருக்கிறவங்களோட இருங்க சார், யாரும் வரவும் வேண்டாம், போகவும் வேண்டாம்"னாங்க. சரின்னேன். கிளம்பும்போது தட்டுல காலை நனைச்சுகிட்டே கேட்டாங்க, "அம்மாவுக்கு இருமல் நின்னுடுச்சா?"

உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். மௌனிக்குக் கால்ல புண்ணுன்னு உன் அக்கா முன்னே ஒருதரம் அங்கே தூக்கிகிட்டுப் போயிருக்கா. "என் மேஜை முன்னாடியே நாலு தடவை இருமினாங்க சார். கோழி கிடக்கட்டும், நீங்க முதல்ல போய் நெஞ்சுப் படம் எடுங்கன்னேன். சிரிச்சாங்க. 'எங்க வீட்டுலயே படம் எடுக்கறவர் இருக்கார், அவரா கேட்டுச் சொல்லட்டும்னு காத்துகிட்டிருக்கேன்'னாங்க. அப்புறம் ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தப்பவும் இருமிகிட்டுதான் இருந்தாங்க."

அவங்க போய் ரெண்டு மணி நேரம் ஆகுது. நான் இன்னும் இந்தப் பேனாவைப் பிடிச்சுகிட்டுதான் உக்காந்திருக்கேன். மச்சான், கடிதத்தைக் கிழிக்காதே. இன்னைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய் அவ கையில கொடு. இனிமே இருக்கறது அவளுக்கு.

மௌனி இல்ல. நான்தான் காரணம், என் கையாலதான் அதுக்கு ஒட்டுச்சு. பத்து நல்லா இருக்கு, உனக்குத் தெரியாத ஒன்னும் இருக்கு, நீ திட்டலாம். வெள்ளிக்கிழமை எதுக்கு, இதைப் படிச்சதும் முதல் வண்டியைப் பிடிச்சு வா. வண்டியெல்லாம் ஓடுது. கூண்டை நானே கூட்டி வச்சிருக்கேன், உனக்கு ஆகாத தூசி ஒன்னும் இல்ல. வழியில இருமல் வந்தா அடக்காதே. வீட்டுக்கு வந்தும் அடக்காதே. நான் பின்பக்கம் போய் உக்கார மாட்டேன், உள்ளேதான் இருப்பேன், கேக்கும்.